மண்ணீரல் வீதமும் கரைச்சித் தாய்மாரும்: வன்னியில் குறைமாதப் பிறப்பின் முன்குறிகள் பற்றி ஒரு மறுவாசிப்பு

குறைமாதப் பிறப்பை முன்கூட்டிக் காட்டும் உயிரியல் குறிகளின் வரலாற்றை 1991இல் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. லொக்வூட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்த ஆண்டில்தான் ஃபைப்ரோனெக்டின் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். கருவுறையைக் கருப்பைச் சுவரோடு ஒட்டவைக்கும் இந்தப் புரதம் கர்ப்பத்தின் பிற்பாதியில் யோனிச் சுரப்பில் தென்பட்டால் பிரசவம் முந்தக்கூடும் என்பது அவர்களின் முடிவு. மில்லிலீற்றருக்கு 50 நனோகிராம் என்ற எல்லையும் அப்போது வந்ததுதான். வன்னிப் பெருநிலத்துக்கு இந்தத் தொடக்கம் அரை நூற்றாண்டு பிந்தியது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பிறக்கப்போகும் பிள்ளைகளின் கதியை அறியப் பயன்படக்கூடிய ஓர் எண் 1930களிலேயே அரசாங்க அறிக்கைகளில் இருந்தது. அது மண்ணீரல் வீதம். கர்ப்பிணிகளுக்காக எடுக்கப்பட்ட எண் அல்ல அது. ஆனால் பின்னால் வந்த ஒருவர், இலங்கையின் இறப்புக் கணக்கு முழுவதையும், சிசுக்களின் இறப்பு உட்பட, அதன் மேல் ஏற்றிவைத்தார். அவர் பீற்றர் நியூமன். இக்கட்டுரை பெரும்பகுதியும் அவருடைய வாசிப்போடுதான் வாதிடுகிறது.

மண்ணீரல் வீதம் எடுக்கும் முறை எளியது. இரண்டு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்திப் பார்ப்பார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் கையில் தட்டுப்படுகிறதோ அதுவே அந்த ஊரின் வீதம். வட இந்தியக் கால்வாய்க்கரை ஊர்களில் 1840களில் டெம்ப்ஸ்டர் கையாண்ட வழி இது. இலங்கையில் 1934-35 கொள்ளை மலேரியாவை ஆராய்ந்த கில், பிறகு 1944இல் அமர்வறிக்கை வெளியிட்ட ரஸ்தம்ஜி ஆகியோர் வழியாக மாவட்ட வாரியான பட்டியல்கள் நமக்குக் கிடைக்கின்றன. அனுராதபுரம், வவுனியா போன்ற வரண்ட வலய மாவட்டங்கள் அவற்றில் மேல்வரிசையிலும், கொழும்பு, களுத்துறை போன்ற ஈரவலய மாவட்டங்கள் அடிவரிசையிலும் நிற்பது எல்லாரும் அறிந்தது.

நியூமன் பொருளியலாளர். பிற்காலத்தில் நியூ பால்கிரேவ் பொருளியல் அகராதியைத் தொகுத்த மூவரில் ஒருவர். 1965இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூலில் அவர் செய்தது துணிச்சலான காரியம். மாவட்டங்களின் இறப்பு வீதத்தை ஒருபுறமும் மண்ணீரல் வீதத்தை மறுபுறமும் வைத்து, டி.டி.ரி. தெளிப்புக்கு முன் இரண்டுக்கும் இருந்த உறவை ஒரு நேர்கோடாக வரைந்தார். தெளிப்புக்குப் பின் அந்த உறவு கரைந்துபோனதைக் காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில் நூற்றுக்கு 42 பங்கு மலேரியா ஒழிப்பால் வந்தது என்பது அவர் கண்ட விடை. 1974இல் ஆர். எச். கிரே அதே தரவை மறுபடி எடுத்து 23 என்று குறைத்தார். மீகம இன்னும் ஐயத்தோடு எழுதினார். பேறுகாலச் சேவைகளுக்கு உரிய பங்கைக் கேட்டவர் அவர். இந்த மூவரின் சண்டையைச் சனத்தொகையியல் மாணவர்கள் நன்கு அறிவார்கள். அதை இங்கு மறுபடி விரிக்கவில்லை.

நியூமனுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். மலேரியா என்று பெயரெழுதிப் பதிவான இறப்புகளை மட்டும் எண்ணினால் நோயின் முழுக் கைவரிசை தெரியாது என்பதை அவர் சரியாகவே கண்டார். கிராமத்துப் பதிவாளர் வைத்தியர் அல்லர். வீட்டார் சொன்ன காரணத்தை எழுதினார். பிறந்து நாலாம் நாள் இறந்த சிசுவுக்கு 'பலவீனம்' என்றோ 'வலிப்பு' என்றோ எழுதப்பட்டிருந்தால், அதன் பின்னால் தாயின் குளிர்காய்ச்சல் இருந்ததா என்பதை எந்த ஏடும் சொல்லாது. ஆகவே காரணத்தை விட்டு, மொத்த இறப்பையும் மண்ணீரலையும் நேருக்கு நேர் வைத்தார். யோசனை நல்லது. சிக்கல், அவர் மண்ணீரல் வீதத்தை எல்லா மாவட்டத்திலும் எல்லா உடலிலும் ஒரே பொருள் தரும் அளவுகோலாகக் கொண்டதில் இருக்கிறது.

அவர் பயன்படுத்திய மாவட்ட வரிசையில் 'யாழ்ப்பாணம்' என்ற ஒற்றை வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். இன்றைய கிளிநொச்சி மாவட்டம் அந்த வரிக்குள்தான் கிடக்கிறது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். முல்லைத்தீவு அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1978இல். நியூமன் எடுத்துக்கொண்ட காலத்தில் முல்லைத்தீவு வவுனியாவோடு சேர்ந்திருந்தது; இன்றைய கிளிநொச்சியின் பகுதிகளான கரைச்சியும் பூநகரியும் பச்சிலைப்பள்ளியும் யாழ்ப்பாணக் கச்சேரியின் ஆளுகையில் இருந்தன. இது பழைய பிரிப்பு. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கையேட்டின் தலைப்பே வன்னி மாவட்டங்கள் என்று சொல்லி, வவுனியா, முல்லைத்தீவு என்று இரண்டு பெயரோடு நின்றுவிடுகிறது. மண்ணாலும் குளத்தாலும் காட்டாலும் வன்னியாகவே இருந்த கரைச்சி, ஏட்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாலாக இருந்தது.

இதனால் என்ன? குடாநாட்டில் வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஏதுமில்லை. சுண்ணக்கல் நிலம் மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். சனம் கிணற்றை நம்பி வாழ்ந்தது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய பிரதான நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ், ஓட்டம் நின்ற ஆற்றின் மணற்குட்டைகளில் முட்டையிடுவது. அதற்கு ஏற்ற இடம் கனகராயன் ஆற்றுப் படுகை; வலிகாமத்துத் தோட்டவெளி அல்ல. ஆக 'யாழ்ப்பாணம்' என்ற வரியில் மலேரியா குறைந்த ஒரு பெரிய சனத்தொகையும், மலேரியா மிகுந்த ஒரு சிறிய சனத்தொகையும் ஒன்றாகக் கலக்கப்பட்டு ஒரு சராசரி எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சராசரிக்குரிய ஊர் எங்கும் இல்லை.

நியூமன் பக்கம் நின்று ஒருவர் மறுக்கலாம். உறவு உண்மையில் நேர்கோடாக இருந்தால், இரண்டு இடங்களைச் சராசரியாக்கினாலும் புள்ளி அதே கோட்டில்தான் விழும். மண்ணீரலும் சராசரி, இறப்பும் சராசரி. இந்த மறுப்புச் சரியானது. கரைச்சியின் குடித்தொகை அன்று மிகச் சிறிது என்பதால், தீவு முழுவதற்கும் அவர் தந்த 42 இதனால் அசையப்போவதும் இல்லை. என் வழக்கு வேறு. உறவு நேர்கோடு அல்ல. கர்ப்பத்தைப் பொறுத்தவரை நிச்சயமாக அல்ல.

பிள்ளைகளின் மண்ணீரல் வீதம் ஒன்றாக இருக்கும் இரண்டு ஊர்களில் தாய்மாரின் நிலை வேறாக இருக்கலாம். 1950இல் கம்பாலாவில் கூடிய மலேரியா மாநாடு வகுத்த பிரிப்பிலேயே இது ஒளிந்திருக்கிறது. பிள்ளைகளில் நூற்றுக்கு 50க்கு மேல் என்றால் ஒரு வகை; 75க்கு மேல் சென்று, வளர்ந்தவர்களில் மட்டும் குறைவாக இருந்தால் இன்னொரு வகை. பின்னதில் வளர்ந்தவர்கள் நோயோடு பழகி எதிர்ப்புப் பெற்றவர்கள். அதே எதிர்ப்பு முதற் கர்ப்பத்தில் கைவிட்டுவிடும். காரணம் 1996இல்தான் தெளிவாயிற்று. ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி தொற்றிய செங்குருதிக் கலங்கள் சூல்வித்தகத்தில் உள்ள கொண்ட்ரோய்ற்றின் சல்பேற்று ஏ என்ற பொருளைப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன என்று ஃபிரைடும் டஃபியும் காட்டினார்கள். அதுவரை சூல்வித்தகத்தையே அறியாத உடலுக்கு அந்த வகை ஒட்டுண்ணி புதியது. அடுத்தடுத்த கர்ப்பங்களில் உடல் அதைக் கற்றுக்கொள்கிறது. ஆகவே பழைய வன்னிக் குடிகளில் தலைச்சன் பிள்ளையே அதிகம் அடிபட்டிருக்கும். எடை குறைந்து, மாதம் குறைந்து. மலேரியாவுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்குப் பிந்திய கர்ப்பங்களில் கிடைக்கும் இந்தச் சலுகை கிடையாது. முதலாவதோ ஐந்தாவதோ, எல்லாக் கர்ப்பமும் ஒரே ஆபத்தில். வைவாக்ஸ் என்ற மற்ற ஒட்டுண்ணி வகை குறித்துத் தாய்லாந்து எல்லையில் நொஸ்ரன் குழுவினர் 1999இல் கண்டது இன்னும் சிக்கலாக்குகிறது: அங்கே எடைக்குறைவு பலமுறை பெற்ற தாய்மாரிடம் கூடுதலாக இருந்தது. இலங்கையில் இரண்டு வகையும் இருந்தன. ஒற்றை மண்ணீரல் எண் இவற்றில் எதைப் பேசுகிறது?

இலங்கைத் தாய்மாரின் உடலை நேரடியாகப் பார்த்த ஒரு சான்று உண்டு. கொழும்பு டி சொய்சா பிரசவ வைத்தியசாலையில் பணியாற்றிய ஜி. ஏ. டபிள்யு. விக்கிரமசூரிய, கொள்ளைநோய்க் காலத்தில் வந்த கர்ப்பிணிகளை ஆராய்ந்து 1935இல் கட்டுரையும், 1937இல் ஒக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் வழியாக மலேரியாவும் கொழுக்கிப்புழுவும் கர்ப்பிணியில் என்ற பொருளிலான நூலும் வெளியிட்டார். மலேரியாவும் கர்ப்பமும் பற்றிய உலக இலக்கியத்தில் இன்றும் எடுத்தாளப்படும் வேலை அது. கருச்சிதைவு, குறைமாதப் பேறு, செத்துப் பிறத்தல் எல்லாம் அதில் வருகின்றன. கொழுக்கிப்புழுவைச் சேர்த்துப் பார்த்தது அவரின் நுட்பம். இரத்தச்சோகைக்கு இரு வாசல்கள் என்று அறிந்திருந்தார். ஆனால் அந்தப் பெண்கள் யார்? 1934-35இல் கொள்ளைநோய் சூறையாடியது கேகாலை, குருநாகல் போன்ற, முன்பு மலேரியா குறைவாக இருந்த பகுதிகளை. வரண்ட வலயம் ஒப்பீட்டளவில் தப்பியது, அங்கிருந்தவர்களுக்குப் பழக்கம் இருந்ததால். ஆகவே விக்கிரமசூரிய கண்டது எதிர்ப்பு இல்லாத தாயின் மலேரியா. அதை வவுனியாவின் பழைய குடிகளுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. கரைச்சிக்குப் பொருந்தும் என்பது என் வாதம்.

ஏனெனில் கரைச்சியில் வந்திருந்தவர்கள் குடாநாட்டவர். 1902இல் தொடங்கிய இரணைமடுக் குள வேலை 1920களில் முடிவடைந்தது. யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தைக் குறைக்கும் நோக்கோடு 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவானது. அதற்கு முந்திய ஆண்டில்தான் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. வரண்ட வலயக் குடியேற்றத்துக்கு மலேரியாவே பெருந்தடை என்று பி. எச். ஃபார்மர் 1957இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கிணற்றுநீர் ஊரில் வளர்ந்த ஒரு பெண், கலியாணமாகிக் கணவனோடு வயல் வெட்ட வந்து, முதல் மாரியிலேயே காய்ச்சல் கண்டு, அதே ஆண்டு கர்ப்பமானால், அவளுடைய நிலை விக்கிரமசூரியவின் குருநாகல் பெண்ணின் நிலைதான். இடம் மலேரியா நிலம். உடல் மலேரியா அறியாத உடல். தீவில் இத்தனை கெட்ட சேர்க்கை வேறு எங்கும் இத்தனை சிறிய தூரத்தில் நேர்ந்திருக்க முடியாது. குடாநாட்டிலிருந்து ஆனையிறவைக் கடந்தால் போதும்.

அவள் எங்கே பெற்றிருப்பாள்? தலைப்பேறு தாய்வீட்டில் என்பது அன்று கேள்விக்கிடமில்லாத வழக்கம். ஏழாம் எட்டாம் மாதத்தில் ஆனையிறவைத் தாண்டித் திரும்பிப் போயிருப்பாள். இலங்கையில் பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படும். ஆகவே மாதம் குறைந்து பிறந்து இறந்த அந்தச் சிசு, சாவகச்சேரியிலோ மானிப்பாயிலோ பதிவாகியிருக்கும். அந்தப் பகுதியின் மண்ணீரலோ தாழ்ந்தது. நியூமனின் கோட்டின் தாழ்ந்த முனையில், மலேரியாவுக்குச் சம்பந்தமில்லாத அடிப்படை இறப்பு என்று அவர் கருதிய பகுதியில், மலேரியாவின் இறப்பு ஒளிந்திருக்கிறது. மாவட்டம் ஒன்றேயானதால் அவர் வரியில் கூட்டுத்தொகை மாறாது. ஆனால் அந்த வரியைப் பிரித்து வரைந்தால் கோடு சற்று மட்டமாகும். அடிப்படை சற்று உயரும். கரைச்சி அளவில் அது அற்பம். கண்டி, மாத்தளை ஊர்களிலிருந்து மின்னேரியாவுக்கும் அதுபோன்ற குடியேற்றங்களுக்கும் போன தாய்மாரையும் எண்ணினால் அற்பமா என்பது திறந்த கேள்வி.

இன்னொன்றையும் நியூமன் தவறவிட்டார். செத்துப் பிறந்ததும் கலைந்ததும் இறப்பு வீதத்தில் வரவே வராது. மலேரியா கர்ப்பத்தில் செய்யும் சேதத்தின் ஒரு பெரும் பங்கு இந்த எண்ணில் நுழைவதில்லை. அதைப் பிடிக்க இறப்புப் பக்கம் பாராமல் பிறப்புப் பக்கம் பார்க்க வேண்டும். ஏட்ரியன் லூக்காஸ் அதைத்தான் செய்தார். மலேரியா ஒழிப்பு இலங்கையில் பிறப்புகளைக் கூட்டியது என்று 2013இல் வாதிட்ட அவரும் மண்ணீரல் வீதத்தையே மாவட்டத்துக்கு மாவட்டம் எடுத்துக்கொண்டார். நியூமனைவிட ஒரு படி முன்னே. ஆனால் அதே பட்டியல், அதே வரி.

காலம் பற்றியும் இங்கே முடிச்சு ஒன்று அவிழாமல் கிடக்கிறது. தெளிப்பு 1945-46இல் தொடங்கியது. தீவின் சிசு இறப்பு 1946இல் ஆயிரத்துக்கு 141, 1947இல் 101. கரைச்சியில் வீழ்ச்சி அந்த ஒரே ஆண்டில் வந்ததா, அல்லது குடியேறியவர்கள் பத்தாண்டில் தாமாகப் பழகிக்கொண்டதால் முன்பே மெல்லத் தொடங்கியதா? மாவட்ட வரி பிரிக்கப்படாதவரை இரண்டும் சாத்தியம். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

1947க்குப் பின் குறி வேறு இடத்துக்குப் போயிற்று. எடை முன்னே வந்தது. ஃபின்லாந்தின் யில்ப்போ முன்வைத்த 2500 கிராம் எல்லையை உலக சுகாதார நிறுவனம் முதலில் குறைமாதத்தின் அடையாளமாகவே ஏற்றது. 1961இல் எடைக்குறைவு வேறு, மாதக்குறைவு வேறு என்று பிரித்தது. இந்தப் பிரிப்பு வன்னிக்கு முக்கியம். மலேரியாவும் சோகையும் சிசுவை இரண்டு வழியிலும் தாக்குபவை. தராசு அவற்றைப் பிரிக்காது. 2012க்குப் பின் இலங்கையில் உள்ளூர்ச் சுழற்சியில் தொடரும் மலேரியா இல்லை. 2016இல் சான்றிதழும் வந்தது. மண்ணீரல் ஏடு மூடப்பட்டது.

புதிய குறிகள் ஊரின் குறிகள் அல்ல. ஒவ்வொரு பெண்ணின் உடலில் எடுப்பவை. இது பெரிய மாற்றம். ஆனால் நியூமன் செய்த பிழையின் சாயல் இங்கும் இருக்கிறது. 1996இல் ஐயம்ஸ் குழுவினர் அமெரிக்காவின் பத்து நிலையங்களில் 2915 பெண்களின் கருப்பைக் கழுத்தை 24 வாரத்தில் அளந்தனர். சராசரி 35 மில்லிமீற்றர். நீளம் குறையக் குறைய ஆபத்து தொடர்ந்து ஏறியது. கட்டுரை காட்டியது ஒரு சரிவு. கிளினிக்குகளில் நிலைத்தது 25 மில்லிமீற்றர் என்ற வேலி. 2017இல் எஸ்ப்ளின் குழுவினர் முதற்கர்ப்பத்திலிருந்த 9410 பெண்களில் கழுத்து நீளம், ஃபைப்ரோனெக்டின் என்ற இரண்டு குறிகளையும் சோதித்தார்கள். 22 முதல் 30 வாரத்தில் 25 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த கழுத்து, பின்னர் தானாகக் குறைமாதத்தில் பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேரையே அடையாளம் காட்டியது. குறியின் ஒட்டுமொத்தத் திறனைச் சொல்லும் அளவில் 0.5 என்பது நாணயச் சுண்டல், 1 என்பது முழுத்துல்லியம். அதில் கழுத்து நீளம் 0.67, ஃபைப்ரோனெக்டின் 0.59. இரண்டையும் சேர்த்தாலும் 0.67தான். காய்ச்சல் ஊரின் மண்ணீரலைவிட இது மேலான முன்குறி என்று அடித்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஒன்றை மறுக்கக்கூடாது. வலியோடு வந்த பெண்ணுக்கு ஃபைப்ரோனெக்டின் இல்லை என்ற விடை பெறுமதியானது. அடுத்த 7 நாளில் அவள் பெறமாட்டாள் என்று பெரும்பாலும் நம்பலாம். மாஞ்சோலையிலோ வேறொரு தூர வைத்தியசாலையிலோ, சிசுவின் நுரையீரலுக்காக ஸ்ரெரொயிட் ஊசி போட்டு அம்புலன்சில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதா, வாட்டில் வைத்துப் பார்ப்பதா என்ற முடிவுக்கு அது உதவும். அந்த ஊசியின் வரலாறு 1972இல் ஓக்லாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் செய்த வேலையில் தொடங்குகிறது. ஆனால் இது 'இல்லை' என்று சொல்லும் திறன். வருமுன் சொல்லும் குறி என்று விளம்பரம் பெற்றது இதன் 'உண்டு' என்ற விடை, அதுதான் பலவீனமானது.

இரத்தத்தில் மிதக்கும் ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு இரண்டு மாதம் முன்பே சொல்லலாம் என்று குவேக் குழுவினர் 2018இல் எழுதியதற்கு உலகம் காட்டிய ஆரவாரம் பெரிது. குறைமாதத்துக்கான பகுதி 38 பெண்களின் மேல் நிற்கிறது. அவர்களில் 13 பேர் குறைமாதத்தில் பெற்றார்கள். அவர்களும் ஏற்கனவே ஆபத்து உள்ளவர்கள். விக்கிரமசூரியவின் பெண்களை வவுனியாவின் பழைய குடிகளுக்கு அப்படியே பொருத்துவது போலவே, இந்தப் பெண்களைத் துணுக்காய்ப் பெண்ணுக்குப் பொருத்தும் அவசரம் தெரிகிறது. நோய் எத்தனை பேரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே சோதனையின் 'உண்டு' மெய்யாகவும் பொய்யாகவும் ஆகும். அந்த அடிப்படை வீதம் ஆய்வு நடந்த அமெரிக்காவில் ஒன்று, இங்கே ஒன்று.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு திகதி இருக்கிறது. 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம் என்பதற்கு, வாரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று தெரிந்தாக வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து கர்ப்பவதி அட்டையில் எழுதும் கடைசி மாதவிடாய்த் திகதியும், ஆரம்ப ஸ்கானில் திருத்தப்படும் திகதியும்தான் அந்த எண்ணிக்கையின் வேர். இரண்டு வாரம் தவறினால் 25 மில்லிமீற்றரின் பொருளும் தவறும். 2009இல் போரால் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமுக்குள் வந்தவர்களில் அட்டையைத் தொலைத்த தாய்க்கு வாரக் கணக்கு நினைவில் மட்டுமே இருந்திருக்கும். அந்த ஆண்டின் குறைமாதப் பிறப்புகளை எந்தப் புரதத்தைக் கொண்டும் திரும்ப எண்ண முடியாது.

கரைச்சிக்குத் திரும்புகிறேன். என் வாதத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிறப்புப் பதிவில் தகவல் தந்தவரின் பெயரோடு வதிவிடமும் எழுதப்படும். 1936 முதல் 1946 வரை குடாநாட்டில் பதிவான பிறப்புகளில், தகவல் தந்த தந்தை கரைச்சி அல்லது கிளிநொச்சி என்று வதிவிடம் சொன்னவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் ஒரு மாதத்துக்குள் இறப்புப் பதிவேட்டில் வருகின்றனவா, அதே பதிவாளர் பிரிவின் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். தலைச்சனில் மட்டும் அல்லாமல் பிந்திய பிள்ளைகளிலும் வேறுபாடு தெரிந்தால் நியூமனின் நேர்கோடு கரைச்சியில் முறிகிறது. தலைச்சனில் மட்டும் தெரிந்தால் குடியேறியவர்கள் நான் நினைத்ததைவிட விரைவில் பழகிவிட்டார்கள் என்று பொருள். என் வாதத்தில் பாதி போய்விடும். எங்குமே தெரியாவிட்டால் நியூமன் சொன்னது நின்றுவிடும்.